ஷியாமளா வளர்த்த பேய்

ஷியாமளாவுக்கு வயிறு எரிந்தது. மிளகாய் தின்றதால் வந்த எரிச்சல் இல்லை, ஏழாவது மாடி நளினியால் வந்த எரிச்சல். ஷார்ஜாவில் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்தே லேசாகக் கனன்றுகொண்டிருந்ததுதான். இந்தத் தடவை எண்ணெய் ஊற்றியது ஷியாமளா பெற்ற பெண்ணே.

தாரிணி அடுப்படி வாசலில் நின்றுகொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நளினி ஆன்ட்டி வீட்ல ஹாலோவீன் பார்ட்டி. ஷ்ருதி எல்லாரையும் கூப்பிட்டிருக்கா. நம்ம பேய்ப் படத்தை அவங்க டிவியில போடலாம்னு ஆன்ட்டி சொன்னாங்க. டிஸ்க்கைக் கேட்டாங்க. அப்புறம்... நைட் அங்கயே ஸ்லீப்ஓவர்."

ஷியாமளா சட்டியில் இருந்த கத்தரிக்காயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கத்தரிக்காய் குழைந்து கூழானது. 'நம்ம பேய்ப் படம்' என்று வாய் நிறையச் சொல்கிறாளே, அதில் 'நம்ம' என்றால் யாராம்? 'நீயும் வாம்மா' என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"பாக்கலாம், போ" என்றாள்.

அந்தப் படத்தின் கதையைச் சொன்னால்தான் ஷியாமளாவின் எரிச்சல் உங்களுக்குப் புரியும். கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து வந்து இறங்கியவளை அவள் கணவன் சதீஷ்குமார் நேராகக் கூட்டிக்கொண்டுபோன இடம் ஷார்ஜாவின் ரோலா பகுதி. ஏசி காற்றுக்குழாய் கம்பெனியில் பிளான் வரைகிற வேலை அவனுக்கு. பழைய கட்டடத்தில் ஒரு ஃபிளாட், அதைப் பிளைவுட் வைத்துத் தடுத்துப் பல குடும்பமாக இருந்தார்கள். தாரிணி பிறந்து வளர்ந்ததும் அந்தத் தடுப்புக்குள்தான். பலகைக்கு அந்தப் பக்கம் பன்னீர்செல்வம் என்று ஒருவர், ஏர்போர்ட் கார்கோவில் நைட் டூட்டி. ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் அவர் போர்வையை இழுத்து மூடுவார். இந்தப் பக்கம் யாராவது தும்மினால்கூடப் பலகையில் டொக் டொக் என்று தட்டுவார். பாவம், அவரையும் குறை சொல்வதற்கில்லை. தூங்காமல் டூட்டிக்குப் போனால் சூப்பர்வைசர் காய்ச்சிவிடுவான்.

அப்போது தாரிணிக்கு மூன்று வயது. ரோலா பூங்காவுக்குப் பக்கத்தில் பை நிறைய டிஸ்க் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒருவனிடம் ஷியாமளா ஒரு கார்ட்டூன் வாங்கினாள். அட்டையில் சிவப்பு சாக்ஸ் போட்ட ஒரு சிறுமியும் ஒரு வாத்தும் இருந்தன. அவ்வளவுதான் பார்த்தாள். வீட்டுக்கு வந்து போட்டால், வாத்தைத் துரத்திக்கொண்டு அந்தச் சிறுமி நுழைவது ஒரு பேய் வீட்டுக்குள்! வாசலில் கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிக்காய்கள் உள்ளே விளக்கோடு சிரிக்கின்றன. மாடிப்படியில் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஒரு பேய் இறங்கி வருகிறது.

டிவியில் சத்தம் வைக்க வழியில்லை. வைத்தால் டொக் டொக். பிள்ளையோ பேயைப் பார்த்து வீறிட வாயைத் திறந்துவிட்டது. ஷியாமளா சட்டென்று அவளை மடியில் இழுத்து, காதோடு காதாகக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"அது பேய் இல்லடி, கோமளவல்லி. அவளுக்குப் பிள்ளை இல்ல. அதான் வாசல்ல திருஷ்டிப் பூசணிக்கா வெச்சிருக்கா. ஊர்க்கண்ணு படக் கூடாதுல்ல?"

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. அந்தப் படத்தில் பேய் அண்டாவில் கொதிக்க வைத்ததை ஷியாமளா ரசம் ஆக்கினாள். வாத்துக்குச் சுப்புணி என்று பெயர் வைத்தாள். கோமளவல்லிக்குத் தன் நாத்தனாரின் குரலைக் கொடுத்தாள், கரகரவென்று, மூக்கால் இழுத்து. "ஏன்டி இவளே, சாப்புடாமப் போனீன்னா காலை ஒடிச்சிப்புடுவேன்!" என்று கிசுகிசுப்பாகவே மிரட்டுவாள். தாரிணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். கடைசியில் விடியும்போது பேய் கதவைத் திறந்து, கண்ணில் நீர் வழிய வாயை அசைத்து என்னவோ சொல்லும். "போகாதடி, இருந்துடுடி" என்று ஷியாமளா அழுவாள். சிறுமி வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மலையிறங்கிப் போய்விடுவாள். பேய் ஜன்னலில் நிற்கும்.

அடுத்த வருஷம் சூப்பர்மார்க்கெட்டில் ஆரஞ்சுப் பூசணிக்காய்களைக் குவித்தபோது தாரிணி கை நீட்டி, "கோமளவல்லி!" என்று கத்தினாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அக்டோபர் கடைசி நாள் சாயங்காலம் அந்தப் படம்தான். வேலைக்குப் போக ஆரம்பித்து, பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்த பிறகும் ஷியாமளா அந்த ஒரு சாயங்காலத்துக்கு லீவு போட்டுவிடுவாள். ஒரு வருஷம் வயிற்றுவலி, ஒரு வருஷம் கால் சுளுக்கு. "உன் உடம்பு காலண்டர் பார்த்துக் கெடுகிறதே" என்று டாக்டரே கேட்டுவிட்டார்.

ரோலாவை விட்டு நஹ்தாவில் தனி ஃபிளாட்டுக்கு வந்தாயிற்று. பன்னீர்செல்வம் இல்லை, பலகை இல்லை. ஆனாலும் சத்தம் வைக்கவில்லை. "சவுண்டு வேணாம்மா, நீ பேசு" என்று தாரிணியே சொல்லிவிட்டாள். பெயர் ஓடுகிற முதல் பகுதியை எப்போதும் ஓட்டிவிடுவார்கள். கோமளவல்லி படியிறங்கும் இடத்திலிருந்துதான் அவர்களுக்குப் படம். ஒருநாள் தனியாக இருந்தபோது சத்தம் வைத்துக் கேட்டால் என்ன என்று ஷியாமளாவுக்குத் தோன்றியது. ரிமோட்டைக் கையில் எடுத்து, பயந்து கீழே வைத்துவிட்டாள். நிஜக் கதை இதைவிட நன்றாக இருந்துவிட்டால்?

இப்போது நளினி. பெசன்ட் நகர்க்காரி, தாரிணியின் சிநேகிதி ஷ்ருதிக்கு அம்மா. கார் ஓட்டுவாள். ஷியாமளா ரோடு டெஸ்ட்டில் ரவுண்டானாவைக் கண்டாலே பிரேக்கை மிதித்து, இன்ஸ்ட்ரக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்தவள். நளினியோ ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே காபி குடிப்பாள். நளினி கேக் செய்வாள். நளினியின் தலைமுடி இந்த ஊர் டேங்க் தண்ணீரிலும் கொட்டாது. பேரண்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சரிடம் நளினி பேசும் இங்கிலீஷைத் தாரிணி வாய் பிளந்து பார்த்ததை ஷியாமளா பார்த்தாள். அதெல்லாம் போகட்டும் என்று விட்டிருந்தாள். அண்டை வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியால் வயிற்றில் இடித்துக்கொண்டவள் கதையாக நாம் ஆகக் கூடாது என்று தனக்குத் தானே புத்தி சொல்லிக்கொள்வாள்.

ஆனால் கோமளவல்லியையுமா? கார் இருக்கிறது, முடி இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது. இருக்கிறதெல்லாம் போதாதா அவளுக்கு? ஷியாமளாவிடம் இருந்ததே ஒரு பேய். அதையும் கொண்டுவா என்றால்?

அன்றைக்கே டிஸ்க்கைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். "எங்கயோ வெச்சேன்டி, காணும்" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். தாரிணி டிவி மேஜையை, பீரோவை, ஷூ ரேக்கைக்கூடக் குடைந்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"பரவால்லம்மா. ஆன்ட்டி வேற படம் போடுவாங்க. நான் சும்மா போயிட்டு வந்துர்றேன்."

ஷியாமளாவுக்குச் சுரீர் என்றது. டிஸ்க் போகாவிட்டாலும் பெண் போகிறாள்! பிறகு எதற்கு அரிசியில் புதைத்தாள்? அதை வெளியே எடுக்கவும் முடியாமல், உள்ளே விடவும் மனமில்லாமல் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் கெட்ட நேரம், வியாழக்கிழமை கிளினிக்கிலிருந்து வரத் தாமதமாக, சதீஷ்குமார் குக்கர் வைக்கிறேன் என்று டிரம்மில் படியை விட்டான்.

"ஏம்மா ஷியாமளா, இதையும் சேத்து வேக வெக்கவா?" என்று டிஸ்க்கை ஆட்டிக் காட்டினான். ஹாலில் தாரிணி நின்றுகொண்டிருந்தாள்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள் ஷியாமளா.

"மூடி போட்ட டிரம்முக்குள்ளயா? நல்ல படிச்ச எலிதான்" என்றான் அவன். தாரிணி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். டிஸ்க்கில் ஒட்டியிருந்த அரிசி மாவைத் தன் டீஷர்ட்டில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறிப் போனாள். பழக்க தோஷம், ஷியாமளா கிளினிக்கில் லீவு சொல்லியிருந்தாள். இந்த வருஷம் காதுவலி. இப்போது வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? சோபாவில் தாரிணி உட்காரும் இடத்தைத் துடைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். இந்நேரம் படம் போட்டிருப்பார்கள். சத்தத்தோடு போட்டிருப்பார்கள். கோமளவல்லி கோமளவல்லி இல்லை என்று தெரிந்திருக்கும். ரசம் ரசம் இல்லை என்று தெரிந்திருக்கும். "உங்க அம்மா சொன்னது எல்லாமே தப்பு!" என்று அந்த ஷ்ருதி சிரித்திருப்பாள். தாரிணியும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாளோ?

குளியலறைக்குள் போனாள். தாரிணியின் டூத்பிரஷ் கப்பிலேயே இருந்தது. அடி சக்கை! பிரஷ் இல்லாமல் பிள்ளை அங்கே எப்படித் தூங்கும்? பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள் பெண், காலையில் பல் தேய்க்காமல் நிற்பதா? பிரஷ்ஷை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள்.

"காதுவலியோட எங்க போற?" என்றான் சதீஷ்குமார்.

"பிரஷ் குடுத்துட்டு வந்துர்றேன்."

"பிரஷ் குடுக்கப் போறவ எதுக்குத் தலை வாரிப் பொட்டு வெச்சிருக்கே?"

அவள் கதவைப் படாரென்று சாத்தினாள்.

ஏழாவது மாடியில் நளினி வீட்டுக் கதவும் எதிர்வீட்டு ஆமிராவின் கதவும் திறந்தே கிடந்தன. ஆமிரா சிரியாக்காரி, நளினிக்குச் சிநேகிதி. பிள்ளைகள் ஹாலோவீன் வழக்கப்படி இந்த வீட்டில் மணியடித்து மிட்டாய் வாங்கி, அந்த வீட்டில் மணியடித்து மிட்டாய் வாங்கி, ஊர் சுற்றி முடித்திருந்தார்கள். ஷியாமளா உள்ளே நுழைந்து, நடையில் இருந்த ஷூ ரேக் பக்கத்தில் நின்றாள். ஹால் இருட்டாக இருந்தது. பிள்ளைகள் கம்பளத்தில் கிடந்தார்கள். சுவரையே அடைத்த டிவியில் கோமளவல்லி படியிறங்கிக்கொண்டிருந்தாள், ஷியாமளா இதுவரை பார்க்காத அளவுக்குப் பெரிதாக. வாயைத் திறந்தாள்.

அரபியில் பேசினாள்!

ஷியாமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் வீட்டில் வைத்து வளர்த்த பேய் அரபியா? ரோலாவில் வாங்கினால் பின்னே மன்னார்குடித் தமிழா பேசும்? இங்கே ஓடுகிற கார்ட்டூன் பாதி அரபியில் பேசுவதுதானே. சத்தம் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"வாட் இஸ் திஸ்?" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அரபி படிக்கிறார்கள்தான். அந்த அரபியை வைத்து 'என் பெயர் இன்னது' என்று சொல்லலாம், பேயோடு பேச முடியாது. ஆமிரா மட்டும் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, வேற படம் வெக்கட்டுமா?" என்று நளினி ரிமோட்டைத் தேடினாள்.

ஷியாமளாவுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வேறு படம் வை தாயே, வை. டிஸ்க்கைக் கொடு, நான் போகிறேன்.

"வேணாம் ஆன்ட்டி. சவுண்டை மட்டும் ஆஃப் பண்ணுங்க" என்றாள் தாரிணி. "ஐ வில் டூ இட்."

எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள். "அது பேய் இல்ல. ஹெர் நேம் இஸ் கோமளவல்லி. வாசல்ல இருக்கிறது திருஷ்டிப் பூசணிக்கா. இட்ஸ் ஃபார் ஜெலஸ் பீப்பிள்" என்று ஆரம்பித்தாள். பாதி இங்கிலீஷ், பாதி மன்னார்குடி. சுப்புணி வாத்து அண்டாவில் விழப்போகும் இடத்தில் அவள் அலறிய அலறலில் பிள்ளைகள் உருண்டு புரண்டார்கள். ஷியாமளா நாத்தனாரிடமிருந்து திருடிய வசனங்கள் ஒன்றுவிடாமல் வந்தன. ஷியாமளா யோசிக்காத சிலதும் வந்தன. ரசத்தில் உப்பு கம்மி என்று வாத்து குறை சொன்னது. அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே!

பெருமையாகத்தான் இருந்தது. பெருமை தொண்டைக்கு வருவதற்குள் நளினி தாரிணியை இழுத்து அணைத்து, "சோ டாலன்ட்டட் டி நீ!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்தக் கன்னத்தைப் பெற்றவள் ஷூ ரேக் பக்கத்தில் நிற்கிறாள். நாத்தனார் குரலை ஊர் விட்டு ஊர் கொண்டுவந்தவள் அவள். கைதட்டல் எல்லாம் அங்கே. ஷியாமளாவுக்கு நளினிமேல் பற்றிக்கொண்டு வந்தது, சொல்ல வெட்கம், தாரிணிமேலும் வந்தது. பெற்ற பெண்ணைப் பார்த்தா பொறாமை? ஆமாம், பெற்ற பெண்ணைப் பார்த்துத்தான்.

படம் கடைசிக்கு வந்தது. பேய் கதவைத் திறந்தது. தாரிணி வாயெடுத்தாள், குரல் உடைந்து போய்விட்டது. செருமிக்கொண்டு மறுபடி முயன்றாள். நாத்தனார் குரல் வரவில்லை. அப்போதுதான் நடையில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா!"

எல்லாத் தலையும் திரும்பியது. நளினி படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டாள். "ஷியாமளா! ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

"பிரஷ்..." என்று ஷியாமளா கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீ எப்பம்மா வந்தே?" என்று தாரிணி கிட்டே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "நான் உன்னைக் கூப்பிடாதது... எப்பவும் நீயே பேசுறல்ல. நீ வந்தா எல்லாரும் உன்னைத்தான் பாப்பாங்க. ஒரே ஒரு தடவை நான் பேசணும்னு இருந்துச்சு. அதான்."

ஷியாமளா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அடிப் பாவி மகளே, உனக்கும் என்மேல் அதுதானா?

"ஆனா கோமளவல்லி அழுறது மட்டும் எனக்கு வர மாட்டேங்குதும்மா. லாஸ்ட் டயலாக் நீ சொல்லு."

அதற்குள் ஆமிரா குறுக்கிட்டாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. பேய் கடைசியில் என்னதான் சொல்கிறது என்று கேட்க வேண்டும் என்றாள். நளினி சத்தம் வைத்து ஓட்டினாள். பேய் அழுதுகொண்டே பேசியது. ஆமிரா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்: போ, மகளே. வெளியே உனக்காக உலகமே விடிந்திருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, போ.

தாரிணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "போகாதேன்னு சொல்லலியாம்மா? போன்னுதான் சொல்லிருக்கு. நீ ஏன் மாத்திச் சொன்ன?"

"எனக்கென்னடி தெரியும்? வாய் அசையிறதுதானே தெரிஞ்சுது" என்றாள் ஷியாமளா. அத்தோடு விட்டிருக்கலாம். "நானா இருந்தா போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன். அதையே சொன்னேன். அரிசியில ஒளிச்சதும் நான்தான்."

"தெரியும்" என்றாள் தாரிணி.

நளினி ரிமோட்டை ஷியாமளாவிடமே நீட்டினாள். ஷியாமளா சத்தத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டாள். பேய் கதவைத் திறந்தது. சிவப்பு சாக்ஸ் சிறுமி திரும்பிப் பார்த்தாள். ஷியாமளா மூக்கைச் சுருக்கி, நாத்தனாரை வரவழைத்தாள்.

"ஏன்டி இவளே, மூஞ்சிய என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே? கெளம்பு. இன்னிக்கு ராத்திரி அவங்க வீட்லயே இருந்துட்டுக் காலையில வந்து சேரு. எனக்கு ஒண்ணும் பொறாம இல்ல." பிரஷ்ஷைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இருக்குதான். அது கெடக்குது. பல்லைத் தேய்ச்சிட்டு வா, இட்லி வெச்சிருப்பேன். போயிட்டு வாடி."

பிரஷ்ஷைத் தாரிணியின் கையில் திணித்தாள். தமிழ் தெரிந்த பிள்ளைகளும் சிரித்தன, தெரியாத பிள்ளைகளும் சிரித்தன. தாரிணி சிரிக்கவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தை வைத்து, பிறகு விட்டுவிட்டு ஷ்ருதி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நளினி கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசல்வரை வந்தாள். அவள் துடைத்துக்கொண்டதுகூட அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

"பசங்க இன்னொரு வாட்டி பாக்கணும்னு சொல்றாங்க ஷியாமளா. டிஸ்க் இங்கயே இருக்கட்டுமே? அடுத்த வருஷமும் நம்ம வீட்லயே வெச்சுக்கலாம்."

நம்ம வீடாம்.

"பொண்ணை வேணா வெச்சுக்குங்க நளினி" என்றாள் ஷியாமளா. "டிஸ்க்கைக் குடுங்க."

வாங்கித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கினாள்.